குடித்துவிட்டு ஓட்டினால் அபராதம் மட்டுந்தானா?

நேயர்களே, "பிடிபட்டால் அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. மலேசியச் சட்டம் அப்படி விட்டுவிடுவதில்லை.

2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, 100 மில்லிலிட்டர் மூச்சில் மது 22 மைக்ரோகிராமைத் தாண்டினாலே குற்றம். முன்பு இந்த அளவு 35. விபத்து நேராவிட்டாலும் முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை. உயிர் போனால் 10 முதல் 15 ஆண்டு சிறை. தகுந்த காரணமின்றி மூச்சுப் பரிசோதனைக்கு மறுப்பதும் குற்றமே.

அதோடு, வாகனமோட்டும் உரிமமும் பொதுவாகக் குறைந்தது ஈராண்டுக்குப் பறிபோகும். லாரி, பேருந்து ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த உரிமந்தான் சோறு. மோதி நொறுங்கிய காருக்குக் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம். வங்கித் தவணையோ நிற்காது. தண்டனை ஒருவருக்கு; சுமை குடும்பம் முழுவதற்கும்.

"கோப்பி குடித்தால் தெளிந்துவிடும்" என்பதை நம்பாதீர்கள். தூக்கம் கலையலாம், இரத்தத்தில் உள்ள மது குறையாது. கல்லீரல் தன் வேகத்தில்தான் அதைக் கரைக்கும். இரவு மிதமிஞ்சிக் குடித்தவர் காலையிலும் அளவைத் தாண்டியிருக்கக்கூடும்.

ஆகவே, விருந்துக்குக் கிளம்பும்போதே திரும்பும்போது யார் ஓட்டுவது என்று முடிவு செய்யுங்கள். குடித்தவர் கோபித்துக்கொண்டாலும் சாவியைக் கொடுக்காதீர்கள். கோபம் மறுநாள் ஆறிவிடும்.