மெட்டல் ஃப்ரேம் பிஸ்டல்: இடுப்புல வைக்கறதுக்கு முன்னாடி

இந்த எபிசோட் ஒரே ஒரு கேள்விக்கான பதில். டெக்சாஸ்ல இருக்கற ஒரு நேயர் கேட்டிருக்கார்: "கிரீன் கார்டு வந்தாச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 3913 பிஸ்டலை விக்கறார். மெட்டல் பாடி, பார்க்கவே அழகா இருக்கு. தினமும் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுப் போக இது சரிவருமா, இல்ல புது பிளாஸ்டிக் பிஸ்டல் வாங்கட்டுமா?"

துப்பாக்கிக்குப் போறதுக்கு முன்னாடி சட்டத்தைச் சொல்லிடறேன். அவர் கிரீன் கார்டுன்னு சொன்னதால பிரச்சினை இல்லை. ஆனா எச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. முறையான வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவுதான். "ஃப்ரெண்டோடது, சும்மா கையில வச்சிருந்தேன்"ங்கறது கோர்ட்டில் நிக்காது. வழக்கு வந்தா விசாவே போகலாம். எடுத்துட்டுப் போற விதி மாநிலத்துக்கு மாநிலம் வேற. டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து, 21 வயசு முடிஞ்ச, சட்டத்தடை இல்லாதவங்க லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துட்டுப் போகலாம். நியூயார்க்ல லைசென்ஸ் கட்டாயம். இந்தியாவுல கேக்கறவங்களுக்கு ஒரு வரி: அங்கே 9 எம்எம் தடை செய்யப்பட்ட ரகம், அதனால இந்தப் பேச்சே கிடையாது.

சரி, 3913. இந்தக் கம்பெனியோட எண்ணை உடைச்சுப் பார்க்கத் தெரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்சிடும். 39ன்னா ஒற்றை வரிசை மேகசின் உள்ள 9 எம்எம். அடுத்த 1, சின்ன சைஸ். கடைசி 3, அலுமினியக் கலவை ஃப்ரேம் மேல ஸ்டெயின்லெஸ் ஸ்லைடு. ஆக, நாம 'இரும்புத் துப்பாக்கி'ன்னு சொல்றதுல பாதி இரும்பே இல்லை. 39ங்கற பேர் 1950களில் வந்த மாடல் 39ல இருந்து வந்தது. 1967ல இல்லினாய் மாநிலப் போலீஸ் அதை எடுத்தப்போதான் அது பிரபலமாச்சு. 3913 வந்தது 1980களின் கடைசியில். அதுக்குள்ள ஆஸ்திரியாவின் க்ளாக் வந்து பிளாஸ்டிக் யுகம் தொடங்கிடுச்சு. போலீஸ் துறைகள் மெட்டல் பிஸ்டல்களைக் கொடுத்துட்டு பிளாஸ்டிக்குக்கு மாறினாங்க. இன்னிக்கு செகண்ட் ஹேண்ட் சந்தையில இந்த ரகம் கிடைக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

எடையை முதல்ல பார்ப்போம், எல்லாரும் இதைத்தான் குறை சொல்றாங்க. 3913 காலியா இருக்கும்போது சுமார் 700 கிராம், மேகசின்ல 8 தோட்டா. 2018ல வந்த சிக் பி365 சுமார் 500 கிராம், மேகசின்ல 10. காகிதத்துல புதுசு ஜெயிச்சிடுச்சு. ஆனா அதே தோட்டாவைச் சுடும்போது, எடை குறைஞ்ச துப்பாக்கி கையை அதிகமா உதைக்கும். தோட்டா நிரப்பின நிலையில கணக்குப் போட்டா, சின்னதோட உதை ஆற்றல் கால்வாசிக்கு மேல கூடுதல். ரேஞ்சில் ஐம்பது ரவுண்டு சுட்டதும் கை வலிச்சா, அடுத்த மாசம் பயிற்சிக்குப் போக மாட்டோம். என்னைக் கேட்டா, அந்த 200 கிராமை நல்ல பெல்ட் தூக்கிக்கும். சாதா பேன்ட் பெல்ட் தூக்காது, தொங்கும். இதுக்குன்னே கெட்டியா ஒரு பெல்ட் வாங்கிடுங்க.

உண்மையான வித்தியாசம் ட்ரிகர்லதான் இருக்கு. புது பிளாஸ்டிக் பிஸ்டல்கள்ல ஒவ்வொரு முறையும் ட்ரிகர் ஒரே மாதிரிதான் அழுத்தும். 3913ல முதல் சூடு வேற, இரண்டாவது சூடு வேற. ஹேமர் இறங்கி இருக்கும்போது முதல் இழுப்பு நீளம், கனம். கிட்டத்தட்ட ஐந்து கிலோ விசை. சுட்டதும் ஸ்லைடு பின்னால வந்து ஹேமரைத் தூக்கி வச்சிடும், அதனால அடுத்தது குறுகல், ரெண்டு கிலோ சொச்சம். அந்த நீள இழுப்பு ஒரு நல்ல விஷயம். பதற்றத்துல விரல் தப்பா ட்ரிகர் மேல போனா, ஹோல்ஸ்டர்ல திருப்பி வைக்கும்போது சட்டை நுனி மாட்டினா, ஒரு நொடி அவகாசம் கிடைக்கும். தவிர, ஹோல்ஸ்டர்ல வைக்கும்போது கட்டை விரலை ஹேமர் மேல வச்சுக்கிட்டா, ட்ரிகர் எதிலாவது சிக்கினா ஹேமர் அசையறது விரலுக்கே தெரிஞ்சிடும். வெளியில ஹேமர் இல்லாத பிஸ்டல்ல இதைச் செய்ய வழியில்லை.

விலையும் உண்டு. முதல் சூடு கீழே இழுத்துட்டுப் போகும், ரெண்டாவது எதிர்பாராம சீக்கிரம் கிளம்பும். ரெண்டு ட்ரிகரையும் பழகணும். சுட்டு முடிச்சதும் ஸ்லைடுல இருக்கற லீவரைக் கீழே தள்ளி ஹேமரை இறக்கணும். அப்புறம் லீவரை மேலே தூக்கினாதான் மறுபடி சுடும். ஸ்லைடை இழுக்கும்போது கை பட்டு அந்த லீவர் தானா கீழே போயிடலாம். அவசரத்துல ட்ரிகரை இழுத்தா ஒண்ணும் நடக்காது. ஸ்லைடை இழுத்து விட்டதும் கட்டை விரல் லீவரை மேலே தட்டணும், யோசிக்காம.

இப்போ நான் அழுத்திச் சொல்ல விரும்பற விஷயம். 3913ல மேகசினை வெளியே எடுத்துட்டா ட்ரிகர் வேலை செய்யாது. பாதுகாப்புக்காக வச்சது. ஆனா சேம்பர்ல ஒரு தோட்டா உள்ளேயேதான் இருக்கும். ராத்திரி மேகசினை உருவி ஒரு அலமாரியில, துப்பாக்கியை இன்னொரு அலமாரியில வச்சுட்டு "காலி பண்ணிட்டேன்"னு படுத்தா, அது காலி இல்லை. குழந்தை ரெண்டையும் சேர்த்துட்டா, அது முழுசா தயாரான துப்பாக்கி. ஐந்து கிலோ ட்ரிகரைக் குழந்தையால இழுக்க முடியாதுன்னு நம்பாதீங்க. ரெண்டு கட்டை விரலையும் சேர்த்து அழுத்தும், ஹேமரைத் தூக்கிட்டாலோ ரெண்டு கிலோ போதும். மேகசினை எடுத்து, ஸ்லைடை முழுசா இழுத்து, சேம்பரைக் கண்ணால பார்த்து, விரலாலயும் தொட்டுப் பார்க்கணும். அப்புறம் பூட்டுப் பெட்டி. கடைக்காரர் கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டுச் சாதனம் கொடுத்தாகணும்னு கூட்டாட்சிச் சட்டம் இருக்கு. தெரிஞ்சவர்கிட்ட கைமாத்தும்போது யாரும் தர மாட்டாங்க. பெட்டி விலையையும் துப்பாக்கி விலையோட சேர்த்தே கணக்குப் பண்ணுங்க.

'பழைய மெட்டல்'னு எல்லாத்தையும் ஒரே கூடையில போடாதீங்க. முதல் தலைமுறை மாடல் 39ல, கீழே விழுந்தா ஃபயரிங் பின் முன்னால ஓடாம தடுக்கற பிளாக் கிடையாது. கோல்ட் 1911களிலும் பழைய சீரிஸ் 70ல கிடையாது, 1983 வாக்குல வந்த சீரிஸ் 80ல உண்டு. அழகுக்கு வாங்கி ரேஞ்சுல சுடறதுன்னா எது வேணா வாங்குங்க. தினமும் இடுப்புல வைக்க பிளாக் உள்ளதுதான். 3913ல அது இருக்கு.

வாங்கும்போது, காலின்னு உறுதி பண்ணின பிறகு, ஸ்லைடைக் கழட்டி அலுமினியத் தண்டவாளத்தைப் பாருங்க. மேல் பூச்சு போய் பளபளன்னு இருக்கறது சாதாரணத் தேய்மானம். முடி மாதிரி விரிசல் தெரிஞ்சா அங்கேயே வச்சுட்டு வந்துடுங்க. ஹேமரைத் தூக்கி வச்சு கட்டை விரலால லேசா முன்னால தள்ளினா அது நழுவக்கூடாது. லீவரைத் தட்டினா சுத்தமா இறங்கணும். வாங்கினதும் ரீகாயில் ஸ்பிரிங்கையும் மேகசின் ஸ்பிரிங்கையும் புதுசா மாத்துங்க. முப்பது வருஷ ஸ்பிரிங்கை நம்பறது, பழைய டயரோட ஹைவேல போற மாதிரி. அப்புறம் நீங்க உண்மையில வைக்கப்போற ஹாலோ பாயின்ட் தோட்டாவையே சுட்டுப் பாருங்க. உருண்டை மூக்குத் தோட்டா ஒழுங்கா ஓடறதை வச்சு இதுவும் ஓடும்னு முடிவு பண்ண முடியாது.

என் பதில்: மாசம் ஒரு தடவையாவது ரேஞ்சுக்குப் போவீங்கன்னா, சில்லறை வேலை பார்க்கப் பொறுமை இருந்தா, 3913ஐ எடுங்க; ஒல்லியா, கைக்கு இதமா இருக்கும். ஆனா இது உற்பத்தியில இல்லை. ஒரு சின்ன பாகம் உடைஞ்சா தேடித்தான் வாங்கணும், ஹோல்ஸ்டர் ரகமும் குறைவு. பெட்டியிலேயே கிடக்கப்போகுதுன்னா, இல்ல ரெண்டு ட்ரிகர் பழக நேரமில்லைன்னா, பி365 மாதிரி ஒண்ணு வாங்கறதுதான் சரி.

ஹோல்ஸ்டர் பத்தித் தனி எபிசோடே போடணும். அதுவரைக்கும் ஒண்ணு மட்டும்: ட்ரிகரை முழுசா மூடாத துணி ஹோல்ஸ்டர் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேண்டாம்.