சோலைவரியும் மழைநீரும்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட நினைப்பவர் கிணற்றைத் தோண்டிப் பார்த்த பின்பே அத்திவாரத்துக்கு நாள் வைப்பது நெடுங்கால வழக்கம். கல்லை உடைத்து நீரைக் கண்டு, அது நன்னீரா உவர்நீரா என்று நாவால் அறிந்து, அதன் பின்னரே சுவர் எழும்பும். ஆறு ஓடாத நாட்டில் இது இயல்பான ஒழுங்கு. வளவுக்கு ஒரு கிணறு, கிணற்றடியில் நாலு வாழை, குளித்த நீர் அவற்றுக்குப் பாய ஒரு வாய்க்கால். இந்த அமைப்பில் வீடும் நீரும் ஒரே கணக்கில் இருந்தன. வீட்டை ஆள்பவரே நீருக்கும் பொறுப்பாளியாக இருந்தார்.

இன்று அந்தக் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது. புதிய வீடுகளின் முற்றம் வேலியிலிருந்து வேலிவரை சீமெந்தால் மூடப்படுகிறது. கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் நேரே தெருவை நோக்கித் திரும்புகிறது. மாரியில் தெரு வெள்ளக்காடு. கோடையில் கிணறு உவர். இரண்டையும் பற்றிக் குறை கூறுகின்றோம். ஆனால் இரண்டும் ஒரே குழாயில் தொடங்குகின்றன என்பதை நினைப்பதில்லை.

குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கும் மழைநீர், கடலிலிருந்து ஊடுருவி நிற்கும் உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரைவிடப் பாரம் குறைந்தது. அதனாலேயே இந்த மிதப்பு. மேலிருந்து மழை ஊட்டும்வரை வில்லை தடித்திருக்கும். ஊட்டம் குறைந்து, நீரிறைக்கும் இயந்திரமும் இடைவிடாது ஓடினால், வில்லை மெலிந்து கீழேயுள்ள உப்பு மேலே வரும். போதாததற்கு, தோட்டத்து உரமும் கிணற்றுக்கு அருகே வெட்டிய மலக்குழியும் நைத்திரேற்றை நீரிற் சேர்க்கின்றன. காணி சிறுக்கச் சிறுக்கக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையேயுள்ள தூரமும் சிறுத்துவிட்டது.

மழை குறைவா என்றால், அதுவும் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் பெய்கிறது. பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிவரை. வகுப்பிலே மாணவருக்கு இதனை ஒரு கணக்காகவே நான் கொடுப்பதுண்டு. 1,000 சதுர அடிக் கூரைமேல் அவ்வளவு மழை பெய்தால் விழுவது ஏறக்குறைய 1,11,000 லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு சிந்தியும் ஆவியாகியும் போகட்டும். எஞ்சுவது 89,000 லீற்றர். நால்வர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 40 லீற்றர் எடுத்தால், மழையற்ற எட்டு மாதத்துக்கும் 9,600 லீற்றரே வேண்டும். ஆகவே 10,000 லீற்றர்த் தொட்டி ஒன்று, ஒரு குடும்பத்தின் கோடைக்காலக் குடிநீரைத் தாங்கிவிடும். மிகுதியை நிலத்தில் இறங்க விட்டால் கிணறு பிழைக்கும். விடையைக் கண்ட மாணவர் முதலில் தம் கணக்கையே ஐயுற்றுத் திரும்பவும் பெருக்கிப் பார்ப்பர்.

மறுபுறத்தில், 2024ஆம் ஆண்டு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடிய பெரும் வேலை அது. அதன் தேவையை நான் மறுக்கவில்லை. தாகத்தோடு இருப்பவரிடம் தத்துவம் பேசலாகாது. ஆயினும், நம் கூரைகளில் இலவசமாக இறங்கும் நன்னீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடலிலிருந்து மின்சாரம் செலவிட்டு நன்னீரைப் பிரித்தெடுக்கின்றோம் என்பதை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.

சட்டம் உண்டு

நமது நாட்டில் இதற்குச் சட்டம் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. மழைநீர் பற்றிய தேசியக் கொள்கை 2005இல் வகுக்கப்பட்டது. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 2007இல் திருத்தப்பட்டு, அதன் கீழான ஒழுங்குவிதிகள் 2009இல் வர்த்தமானியில் வெளிவந்தன. நகர அபிவிருத்திப் பகுதிகளில் எழும் புதிய கட்டடங்கள் மழைநீரைச் சேகரிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

ஆனால் சட்டம் வீட்டுக்காரரைச் சந்திப்பது பெரும்பாலும் ஒரேயொரு முறை. வரைபடத்துக்கு அனுமதி பெறும் வேளையில். எனக்குத் தெரிந்த வீடொன்றில் வரைபடத்தில் தொட்டி இருந்தது, கட்டியும் முடித்தார்கள். அனுமதிப் பத்திரங்கள் எல்லாம் கைக்கு வந்த பின், பீலிக் குழாயைக் கழற்றி விட்டார்கள். இப்போது அந்தத் தொட்டி பொச்சுமட்டையும் விறகும் நனையாமல் இருக்கப் பயன்படுகிறது. அவர்களைத் தீயவர் என்று சொல்வதற்கில்லை. தொட்டியைக் கழுவுவது வேலை. வலை கட்டுவது செலவு. அதைப் பேணினாலும் ஒன்றுமில்லை, பேணாவிட்டாலும் ஒன்றுமில்லை என்றால், யார்தான் பேணுவர்?

சென்னை தந்த பாடம்

சென்னையின் அனுபவம் இதனையே பெரிய அளவில் காட்டுகிறது. 2003இல் தமிழ்நாட்டு அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, புதிய கட்டடம் பழைய கட்டடம் என்ற பேதமின்றி எல்லாவற்றிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. தவணைக்குள் செய்யாத வீட்டின் நீரிணைப்பைத் துண்டிக்கலாம் என்பதும் அதில் இருந்தது. ஊர் முழுவதும் குழி வெட்டினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் பல இடங்களில் நிலத்தடி நீர் உயர்ந்தது, சுவையும் திருந்தியது. கட்டளைக்கு அத்தனை வலிமை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆனால் குழிகளுக்குள் மணல் சேர்ந்தது, குழாய்கள் அடைபட்டன. அவற்றைத் துப்புரவாக்குமாறு ஆண்டுதோறும் தூண்டுவார் இல்லை. 2019 கோடையில் நகரின் பெரிய ஏரிகள் வற்றின. அவ்வாண்டு யூலையில் 200 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஜோலார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதற்குப் பருவமழை பொய்த்ததும் ஏரிகளைத் தின்ற கட்டடங்களும் முதற் காரணங்கள். எனினும் பேணாது கைவிட்ட குழிகளும் பலரது கவலைக்கு உள்ளாயின. அச்சம் ஒருமுறை வேலை வாங்கும். பேணும் பழக்கத்தை அது தருவதில்லை.

பாலைவனத்து நகரசபை

வேறொரு வழியைப் பார்ப்போம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சொனோரப் பாலைவனத்தில் உள்ளது டூசான் நகரம். அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 300 மில்லிமீற்றர். நமக்குக் கிடைப்பதில் நாலில் ஒரு பங்கு. நீண்டகாலம் அவர்களும் நம்மைப்போல நிலத்தடி நீரையே நம்பியிருந்தனர்.

அந்நகரசபை முதலிற் கையாண்டது கட்டணம். 1976இல் நீர்க்கட்டணத்தை வெகுவாக உயர்த்தினார்கள்; மறு ஆண்டே வாக்காளர் அதற்குப் பொறுப்பான உறுப்பினர்களைப் பதவியிலிருந்து திருப்பியழைத்துவிட்டனர். சபை பாடங் கற்றது. பின்பு 2008இல் இரண்டு விதிகளை இயற்றி, 2010 யூன் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புதிய வீடுகளில் குளித்த நீரையும் துவைத்த நீரையும் மரங்களுக்குத் திருப்பக் குழாய் வசதி வைத்தே கட்டவேண்டும் என்பது ஒன்று. புதிய வணிகக் கட்டடங்கள் தம் தோட்டத்துக்கு வேண்டிய நீரில் பாதியை மழைநீரிலிருந்து பெறவேண்டும் என்பது மற்றது.

2012இல் கைம்மாறு தொடங்கியது. மண்ணில் பள்ளம் அமைத்து மழையை நிறுத்துவோருக்கு ஒரு தொகை. தொட்டி வைப்போருக்கு அதன் கொள்ளளவுக்கேற்ற தொகை. குடும்பமொன்றுக்கு 2,000 டொலர் வரையில். பணத்தைப் பெற விரும்புவோர் முதலில் ஒரு வகுப்புக்கு வந்து பாடங் கேட்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆசிரியன் என்ற முறையில் இந்த நிபந்தனையை நான் மிகவும் மெச்சுகின்றேன். செலவுக்கு வேண்டியதை நீர்க்கட்டணத்தோடு சேர்த்து அறவிடும் ஒரு சிறு தொகையிலிருந்து எடுத்தார்கள். ஆகவே அந்த நிதிக்குக் கொடுத்தவர் ஊரார் அனைவரும்.

ஆனால் பெற்றவர் அனைவருமா? இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய இடம். தொட்டியை முதலிற் சொந்தப் பணத்தில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டிய பின்பே சபை பணம் தரும். கைப்பணம் உள்ளவர் கட்டினார், இல்லாதவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழைத் தெருக்களும் கொடுத்த காசு வசதியுள்ள தெருக்களுக்கே பெரிதும் சென்றது. இதை உணர்ந்த பின்பு, வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு முன்கூட்டியே கடனும் மானியமும் அளிக்கும் ஏற்பாட்டைச் சபை செய்தது. நல்ல நோக்கமுள்ள திட்டமும், பணம் எப்போது கைக்கு வரும் என்ற ஒரு சிறு விடயத்தில் நீதி தவறக்கூடும்.

வரியே கைம்மாறாதல்

ஒருமுறை தரும் பரிசைவிட ஆண்டுதோறும் குறையும் வரி சிறந்தது என்பது என் கருத்து. பேர்லின் மாநகரில் 2000ஆம் ஆண்டுமுதல் கழிவுநீர்க் கட்டணத்தை இரண்டாகப் பிரித்தார்கள். வீட்டினுள் பயன்பட்டு வெளியேறும் நீருக்கு ஒன்று. மழைநீர் மண்ணில் இறங்காமல் வடிகாலுக்கு ஓடுமாறு மூடப்பட்ட ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் இன்னொன்று. முற்றத்துச் சீமெந்தைப் பெயர்த்துப் புல் வளர்த்தாலும், கூரை நீரை வளவுக்குள்ளேயே இறக்கினாலும் கட்டணம் குறையும். இந்தியாவின் புனே மாநகராட்சியும் மழைநீர் சேகரிப்பு முதலிய ஏற்பாடுகள் உள்ள வீடுகளுக்குச் சொத்துவரியில் 5 முதல் 10 வீதம் வரை தள்ளுபடி அளித்து வந்துள்ளது.

நமது சோலைவரியோ வீட்டின் ஆண்டுப் பெறுமதியை மட்டும் நோக்குகிறது. மழையைத் தாங்கும் வளவையும் மழையைத் தெருவுக்குத் தள்ளும் வளவையும் அது ஒன்றாகவே காண்கிறது. தெருவில் நிற்கும் வெள்ளத்தை வடிக்க வாய்க்கால் வெட்டுவது சபையின் செலவு. அதாவது முற்றத்தை மண்ணாக வைத்திருப்பவரும் சேர்ந்து சுமக்கும் செலவு.

கைம்மாறு கொடுக்கும் வித்தை நம் சபைகளுக்குப் புதிதன்று. முழு ஆண்டு வரியையும் சனவரி 31க்கு முன் செலுத்துவோருக்கு 10 வீதம் கழித்துக் கொடுக்கும் வழக்கம் நமது மாநகர சபைகளில் உண்டு. அந்தக் கழிவுக்காகவே தைப்பொங்கல் முடிந்த கையோடு வரிசையில் நிற்போரை நாம் அறிவோம். நேரத்தோடு காசு தருபவருக்குக் கழிவு கொடுக்க இயலுமானால், மழைநீரைத் தன் வளவில் நிறுத்துபவருக்கும் ஒரு கழிவு ஏன் இயலாது? விதிகளில் திருத்தம் வேண்டுமாயின், அதைக் கேட்பதும் சபையின் கடமையே.

யார் போய்ப் பார்ப்பது என்று கேட்பார்கள். டெங்கு நுளம்பைத் தேடிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடுவீடாக ஏற்கெனவே வருகிறார். தொட்டிக்கு வலை இருக்கிறதா, பீலி துப்புரவா, முதல் மழையை வெளியே விட வழி உண்டா என்பதையும் அதே வருகையில் பார்க்கலாம். மூடாத தொட்டி நுளம்பு வளர்க்கும். ஆதலால் இந்த இரு வேலையும் உண்மையில் ஒன்றே. நீரிறக்கும் குழி மலக்குழிக்கு அண்மையில் அமையாதபடி இடம் குறித்துக் கொடுப்பதும் அவசியம். பேணியிருந்தால் அவ்வாண்டுக் கழிவு. விறகு அடுக்கியிருந்தால் கழிவில்லை.

சபையின் வருவாய் குறையுமே என்பது இரண்டாவது தடை. முழுவதும் மூடிய வளவுகளிடம் பேர்லினைப் போலச் சிறிது கூட்டி அறவிட்டால் கணக்குச் சமனாகும். மூன்றாவது, எனக்கு மிக முக்கியமானது: ஓலைக் கூரையின் கீழும் வாடகை வீட்டிலும் வாழ்பவரின் நிலை. சோலைவரியிற் கழிவு என்பது வீட்டுச் சொந்தக்காரருக்குப் போகும் நன்மை. அதனால் இந்த நிதியின் முதற் பங்கை, சிறு காணிகளில் வாழும் குடும்பங்களுக்கு முன்பணமாகக் கொடுத்துத் தொட்டி அமைக்க ஒதுக்கவேண்டும். பொதுத்தொட்டியாயினும் சரி. டூசான் நகரம் பிந்திச் செய்ததை நாம் முந்திச் செய்யலாம். உவர்க் கிணற்று நீரைக் குடித்துக்கொண்டும், குடத்துடன் அயல்வீட்டுப் படலையில் காத்துக்கொண்டும் இருப்பவர்கள் இவர்களே.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். நீரின் அருமை பற்றிய கட்டுரைப் போட்டிகள் போதிய அளவில் நடக்கின்றன. இவ்வாண்டு பள்ளிக்கூடக் கூரையை அளந்து, எத்தனை லீற்றர் தெருவுக்கு ஓடுகிறது என்று கணித்து, அந்தத் தொகையை எழுதி உங்கள் நகரசபைக்கோ பிரதேச சபைக்கோ அனுப்புங்கள். வருகிற ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தைச் சபைகள் ஆராய்வது ஆண்டு இறுதியில். மாரிமழை பெய்வதும் அக்காலத்திலேதான்.