மோட்டார்ஹோம் கூரைக்கு சோலார் எப்போது தேவை?

படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை என்று ஒரு குடித்தனத்தையே வேனுக்குள் அடக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வண்டிதான் மோட்டார்ஹோம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பணி ஓய்வு பெற்ற பலர் ஆண்டில் சில மாதங்களை இதிலேயே கழிக்கிறார்கள். வண்டியை வாங்கிய கையோடு பெரும்பாலோர் கேட்கும் கேள்வி, கூரையில் சோலார் பேனல் போட்டுவிடலாமா என்பது. வெயிலுக்குக் காசு கிடையாது, கூரை சும்மா கிடக்கிறது, பேனல் விலையும் இறங்கிவிட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்த வண்டி இரவில் எங்கே நிற்கிறது, ஒரே இடத்தில் எத்தனை நாள் நிற்கிறது என்று கேட்காமல் இதற்கு விடை சொல்லவே முடியாது. பேனல் வாங்குகிறவர் கூரையை அளப்பதற்கு முன்னால் தன் பயண வழக்கத்தை அளந்து பார்ப்பது நல்லது.

முதலில் செலவுப் பக்கம். எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, குடியிருக்கும் பகுதிக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி என்று இந்த வண்டிகளில் இரண்டு இருக்கும். நமக்கு இங்கே முக்கியமானது இரண்டாவது. 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய அமில பேட்டரியில் ஏட்டளவில் 1,200 வாட்-மணி மின்சாரம் இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கைக்கு வருவது 600, அதாவது அரை யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். அதே அளவுள்ள லித்தியம் பேட்டரி எடையில் பாதியாக இருந்துகொண்டு ஏறத்தாழ இரண்டு மடங்கு தரும். எல்.இ.டி. விளக்கு, தண்ணீர் பம்பு, கைபேசி மூன்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு 150 வாட்-மணியைத் தாண்டுவது அரிது. கணக்கை ஏற்றிவிடுவது ஃபிரிட்ஜ். கம்ப்ரசர் வகை என்றால் அது ஒன்றே நாளைக்கு 400 முதல் 600 வாட்-மணி இழுக்கும். வண்டி நிற்கும்போது சமையல் எரிவாயுவில் ஓடும் வகை என்றால் மின்செலவு இல்லை என்றே சொல்லலாம். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றுக்கு சோலார் அவசியமாகவும் மற்றதற்கு வீணாகவும் இருக்க இந்த ஒரு பெட்டியே போதும். ஏ.சி.யை இந்தப் பேச்சில் சேர்க்கவே வேண்டாம். கூரை ஏ.சி.க்கள் பல 1,300 வாட்டுக்கு மேல் கேட்கும். நாம் சொன்ன பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது.

இனி வரவு. பேனலின் முதுகில் 100 வாட் என்று ஒட்டியிருப்பது ஆய்வகக் கணக்கு: சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, செல்லின் வெப்பம் 25 டிகிரி. கோடையில் கூரையோடு கிடக்கும் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கழியும். அதே ஒட்டுத்தாளில் 18 வோல்ட், 5.5 ஆம்பியர் என்றும் இருக்கும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே அமரும் மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர், பேனலின் வோல்டேஜைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். ஆம்பியர் அதே 5.5 என்பதால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் 72 வாட்தான் தேறும். எம்.பி.பி.டி. வகை மிச்சத்தையும் பெருமளவு மீட்டுத் தரும். செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால், கூரைக் காற்றுப்போக்கியின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே வரவு பெரிதாகச் சரியும். இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் சூரியன் ஏறும் உயரம். லண்டனில் டிசம்பர் 21 நண்பகலில் அது அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் எழும். தட்டையாகப் பதித்த 100 வாட் பேனல் அங்கே ஜூன் மாதத்தில் நாளுக்கு 350 முதல் 400 வாட்-மணி தரும். டிசம்பரில் 40 வந்தால் பெரிது.

இந்த இரண்டு பக்கத்தையும் வண்டி நிற்கும் இடத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் விடை தெரியும். பிரிட்டனின் முகாம் மைதானங்கள் பலவற்றில் நீலச் செருகியோடு 230 வோல்ட் இணைப்பு கிடைக்கும், 10 அல்லது 16 ஆம்பியர். வண்டியிலேயே இருக்கும் சார்ஜர் இரவோடு இரவாக பேட்டரியை நிரப்பிவிடும். தினமும் அப்படித் தங்குகிறவரின் கூரையில் பேனலுக்கு வேலையே இல்லை. இன்னொரு கூட்டம் தினமும் இடம் மாறுகிறது. அவர்களுக்கு எஞ்சினின் ஆல்டர்னேட்டரே மின்நிலையம். புதிய வண்டிகளில் எரிபொருளை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் அடிக்கடி வோல்டேஜைத் தாழ்த்திக்கொள்ளும் என்பதால், இடையில் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று தேவை. 30 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேர ஓட்டத்தில் 390 வாட்-மணி ஏற்றும். மேலே சொன்ன பேனலுக்கு அது ஜூனில் ஒரு நாள் உழைப்பு, டிசம்பரில் பத்து நாள் உழைப்பு. அரிசோனாவின் குவார்ட்சைட் ஊரை அடுத்த லா போசா பாலைநிலம் இதற்கு நேர் எதிர். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அரசு நிலத்தில் அனுமதிச் சீட்டோடு மாதக்கணக்கில் தங்கலாம். மின் இணைப்பு கிடையாது. டிசம்பரிலும் அங்கே சதுர மீட்டருக்குச் சுமார் 3 யூனிட் வெயில் தினமும் விழுகிறது. 400 வாட் பேனல் நாளுக்கு 900 வாட்-மணி தந்து ஃபிரிட்ஜையும் லேப்டாப்பையும் தாங்கிவிடும். பேனல் இல்லையென்றால் ஜெனரேட்டரின் இரைச்சலோடும் பெட்ரோல் கேனோடும் காலம் தள்ள வேண்டும். அங்கே நான் தயங்காமல் சோலார் பக்கம்தான் நிற்பேன்.

தேவை குறைவாக இருந்தாலும் போட்டு வைப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பேனலின் விலை மலிவு, உண்மைதான்; கன்ட்ரோலர், கேபிள், ஃபியூஸ், கூலி எல்லாம் சேரும்போது அந்த மலிவு காணாமல் போகும். 100 வாட் கண்ணாடிப் பேனல் 6 முதல் 8 கிலோ இருக்கும். பிரிட்டனில் 1997 முதல் கார் தேர்வில் தேறியவர்கள் பொதுவாக 3,500 கிலோ வரையுள்ள வண்டியைத்தான் ஓட்டலாம். தண்ணீர், சைக்கிள், ஆட்கள் ஏறியதும் பல மோட்டார்ஹோம்கள் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. இதைவிட எனக்குக் கவலை தருவது கூரையில் போடும் துளை. மரச்சட்டம் உள்ள கூரைக்குள் ஒருமுறை மழைநீர் இறங்கினால், வெளியே தெரிவதற்குள் சட்டம் உளுத்துப்போகும். தாங்கிகளைப் பாலியூரித்தேன் பசையால் ஒட்டி, கேபிளுக்கு மட்டும் ஒரே ஒரு துளையிட்டு மூடி வைப்பதே பாதுகாப்பு. மர நிழலில் வண்டியை நிறுத்த விரும்புகிறவருக்குக் கூரைப் பேனலை விட, நீண்ட கேபிளோடு வெயிலில் விரித்து வைக்கும் மடக்குப் பேனல் மேல். திருடு போகாமல் கண் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருக்கும் ஆட்சேபம் ஒன்றுண்டு, அது பயணத்தைப் பற்றியதே அல்ல. மின் இணைப்பில்லாத திறந்தவெளி முற்றத்தில் குளிர்காலம் முழுக்க வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் ஏராளம். அலாரமும் இடங்காட்டியும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட நாளுக்குச் சுமார் 14 வாட்-மணி போகும். ஒன்றரை மாதத்தில் நமது பேட்டரி பாதிக்கு இறங்கிவிடும். காலியாகக் கிடக்கும் ஈய அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும், பிறகு அது பழைய கொள்ளளவுக்குத் திரும்பாது. டிசம்பரின் அந்தப் பரிதாபமான 40 வாட்-மணி இங்கே தாராளமாகப் போதும். எஞ்சின் பேட்டரிக்கும் ஒரு வழி திறந்துவிடும் கன்ட்ரோலராக இருந்தால் இரண்டும் பிழைக்கும். இங்கிலாந்தில் பல வண்டிகளின் பேனல் உருப்படியாக உழைப்பது உள்ளே ஆளில்லாத மாதங்களில்தான் என்பது வேடிக்கை. கூரை போட்ட கொட்டகையில் நிறுத்துகிறவருக்கு இந்த லாபமும் கிடையாது. அங்கே மின் இணைப்பு இருந்தால் மாதம் ஒருமுறை சார்ஜரைச் செருகி வைப்பதோடு வேலை முடிந்தது.