அஸ்திபாரத்தின் ஓசை: பேஸ் கிட்டார் பயிலும் வாலிபருக்கு

உங்கள் சபையின் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் யார் என்று கேட்டால், சபையாரில் பலர் சற்று யோசித்தே விடை சொல்லுவர். பாடுகிறவரின் குரல் எல்லாருக்கும் கேட்கிறது. கீபோர்டும் டிரம்ஸும் கேட்கின்றன. பேஸ் கிட்டாரோ நின்றுபோன பிறகுதான் அது இருந்ததே பலருக்குத் தெரியவருகிறது.

பிழைப்பைத் தேடி மும்பைக்கும் பெங்களூருக்கும் தில்லிக்கும் வந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர், வாடகைக் கூடங்களில் கூடும் சிறு சபைகளில் இவ்வாத்தியத்தைக் கையில் எடுக்கிறார்கள். மூத்த அண்ணன் ஒருவர் காட்டிக்கொடுத்த நாலைந்து இடங்களில் விரல் வைத்துப் பழகுகிறார்கள். சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடக்கும். பின்பு ஒருநாள் ஆராதனை வேளையில், பாடல் தலைவர் சுருதியை ஒரு படி உயர்த்துவார். கீபோர்டு வாசிப்பவர் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திக்கொள்ளுவார். கிட்டார் வாசிப்பவர் கேப்போவை மாட்டிக்கொள்ளுவார். பேஸ் வாசிக்கும் தம்பிக்கோ அழுத்தப் பொத்தானும் இல்லை, மாட்டக் கேப்போவும் இல்லை. அவர் மெதுவாய்த் தம் ஒலியைக் குறைத்துக்கொண்டு, வாசிப்பதுபோல் நின்றுகொண்டிருப்பார். இப்படி இரண்டு மூன்று முறை நேர்ந்தபின், 'எனக்கு இந்தத் தாலந்து இல்லை' என்று வாத்தியத்தையே மூலையில் சாத்திவிட்டவர்கள் உண்டு.

தாலந்து இல்லை என்பது பெரும்பாலும் மெய்யல்ல. இடங்களைக் கற்றார், அவ்விடங்களுக்கு இடையே உள்ள உறவை அவருக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. அந்த உறவைச் சொல்லும் கல்விக்குத்தான் மியூசிக் தியரி என்று பெயர். ஷிப்டு வேலையும் நெடும் ரயில் பயணமுமாய் நாள் கழிகிறவர்களால் இசைப்பள்ளிக்குப் போக இயலாமற்போகலாம். ஆனால் இக்கல்வி இன்று இணையவழிப் பாடமாகக் கைப்பேசிக்கே வந்துவிட்டது. அதில் பேஸ் வாசிப்பவர் எதைக் கற்கவேண்டும், எந்த வரிசையில் கற்கவேண்டும், அந்தப் பாடம் எதைத் தராது என்பதை இங்கே காண்போம்.

கீழ்ச் சுரமே பெயர் வைக்கிறது

முதலாவது, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கீபோர்டு வாசிக்கும் நண்பரை சி, ஈ, ஜி ஆகிய மூன்று சுரங்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேஸில் சி சுரத்தை வாசித்தால், அது உறுதியான சி மேஜராக ஒலிக்கும். நண்பர் விரலை அசைக்காமல் இருக்கட்டும். நீங்கள் இப்போது ஏ சுரத்தை வாசியுங்கள். அதே மூன்று சுரங்கள் இப்போது ஏ மைனர் செவன்த் ஆகிவிடுகின்றன. துக்கம் கலந்த நிறம் வந்துவிடுகிறது. அடுத்து ஈ சுரத்தை வாசித்தால், கார்டு சி மேஜர்தான். ஆனாலும் அது நிலைகொள்ளாமல் அடுத்த இடத்துக்கு நகரத் துடிக்கும். இதைத்தான் பாடங்களில் 'முதல் இன்வெர்ஷன்' என்பார்கள்.

கார்டுக்குப் பெயர் வைப்பது பெரும்பாலும் அடியிலுள்ள சுரமே என்று இதனால் அறிகிறோம். பேஸில் தவறான ஒரு சுரம் விழுந்தால் அது பேஸ் வாசிப்பவரின் தவறாய் மட்டும் நிற்பதில்லை. குழு முழுவதும் தவறான கார்டு வாசித்ததுபோல் ஆகிவிடும். பாடுகிற சபையின் சுருதியும் தள்ளாடும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1723 முதல் 1750 வரை லைப்சிக் நகரின் ஆலயங்களில் இசைப்பணி செய்த யோகான் செபாஸ்டியன் பாக்கின் காலத்தில், ஆர்கன் வாசிப்பவருக்குக் கீழ்ச் சுர வரிசையையும் அதனோடு சில எண்களையும் மாத்திரமே எழுதிக் கொடுப்பது வழக்கம். மேலே வரவேண்டிய சுரங்களை அவர் தாமே அமைத்துக்கொள்ளுவார். நம் கையிலுள்ள மின்சார பேஸ் கிட்டார் பிற்காலத்தது. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரசிஷன் பேஸ்' இதைப் பரவலாக்கியது. ஃபிரெட்டுகள் இருப்பதால் சுரம் துல்லியமாய் விழும் என்பதே அப்பெயருக்குக் காரணம்.

முதலில் கற்கவேண்டியவை

தியரி என்றவுடன் அஞ்சவேண்டாம். பேஸ் வாசிப்பவர் தொடக்கத்தில் அறியவேண்டியது மிகக் குறைவு.

நான்கு தந்திகளும் தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி கூட்டப்படுகின்றன. ஒரு ஃபிரெட் என்பது அரைச் சுரம். பன்னிரண்டு ஃபிரெட் ஏறினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வரும். ஒவ்வொரு தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டிலும் அடுத்த தந்தியின் திறந்த சுரம் கிடைக்கும். இயற்கைச் சுரங்களில் ஈ–எஃப், பி–சி ஆகிய இரண்டு ஜோடிகளுக்கு நடுவே மட்டும் அரைச் சுரமே உண்டு. மற்ற ஜோடிகளுக்கு நடுவே முழுச் சுரம்.

மேஜர் ஸ்கேலின் இடைவெளிகள் இவை: 2, 2, 1, 2, 2, 2, 1 ஃபிரெட்டுகள். எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் இக்கணக்கு மாறாது.

இதில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆறு தந்திக் கிட்டாரில் ஜி, பி தந்திகளுக்கு நடுவே இடைவெளி மாறுபடுவதால் விரல் வடிவங்களும் அங்கே மாறும். பேஸின் நான்கு தந்திகளும் ஒரே இடைவெளியில் இருப்பதால், ஒரு வடிவத்தைக் கற்றால் அது எல்லா இடத்திலும் செல்லும். அடுத்த தந்தியில் இரண்டு ஃபிரெட் மேலே போனால் ஐந்தாம் சுரம். இரண்டு தந்தி தாண்டி இரண்டு ஃபிரெட் மேலே போனால் மேல் ஸ்தாயி. கார்டின் ஆதார சுரமும் இவ்விரண்டும் கைவசமானால், பெரும்பாலான துதிப் பாடல்களுக்குத் தடுமாற்றமின்றித் துணை நிற்கலாம்.

எழுத்தை விடுத்து எண்ணில் நினையுங்கள்

முன்னே சொன்ன தம்பியின் சிக்கலுக்குத் தீர்வு இங்கேதான் இருக்கிறது. ஸ்கேலின் ஏழு சுரங்களுக்கும் 1 முதல் 7 வரை எண்ணிடுங்கள். மேஜர் ஸ்கேலில் 1, 4, 5 ஆகியவற்றின்மேல் மேஜர் கார்டுகள் அமையும். 2, 3, 6 ஆகியவற்றின்மேல் மைனர் கார்டுகள் அமையும். 7இன்மேல் டிமினிஷ்ட் கார்டு அமையும்.

ஒரு பாடல் ஜி சுருதியில் ஜி, ஈ மைனர், சி, டி என்று செல்லுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படி மனப்பாடம் செய்யாமல் 1, 6, 4, 5 என்று மனதில் பதியுங்கள். ஈ தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் 1. ஏ தந்தியின் ஏழாம் ஃபிரெட்டில் 6, மூன்றாம் ஃபிரெட்டில் 4, ஐந்தாம் ஃபிரெட்டில் 5. தலைவர் ஏ சுருதிக்கு உயர்த்தினாரா? கை முழுவதையும் இரண்டு ஃபிரெட் மேலே நகர்த்துங்கள். ஏ, எஃப் ஷார்ப் மைனர், டி, ஈ ஆகியவை தாமாகவே வந்துவிடும். பாட்டின் எண்கள் மாறவில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: திறந்த தந்திகளை நம்பி வாசித்தவருக்கு இந்த நகர்வு கிடைக்காது. ஆகவே தொடக்கத்திலிருந்தே திறந்த தந்தியின்றியும் வாசிக்கப் பழகுங்கள்.

இம்முறைக்கு நாஷ்வில் எண்முறை என்று பெயர். 1950களின் பிற்பகுதியில், ஜோர்டனேர்ஸ் என்னும் நற்செய்திப் பாடற்குழுவைச் சேர்ந்த நீல் மாத்யூஸ் என்பவர் இதை ஒலிப்பதிவுக்கூடத்தில் பயன்படுத்தத் தொடங்கினார். நம் பெரியோருக்கு இதே எண்ணம் வேறு உருவில் பழக்கமானதே. திருநெல்வேலிச் சீமையின் பழைய பாடற்குழுவினர் பயின்ற டோனிக் சோல்ஃபா முறையில், எந்தச் சுருதியானாலும் முதற்சுரம் 'டோ' தான். அதை இங்கிலாந்தில் பரப்பிய ஜான் கர்வன் (1816–1880) ஒரு சபைப் போதகர். உங்கள் தாத்தாவோ பாட்டியோ சோல்ஃபா அறிந்தவராயிருந்தால், அவரிடம் அரைமணி நேரம் உட்காருங்கள். உங்கள் பாடத்தின் பாதி எளிதாகிவிடும்.

நம் கீர்த்தனைகளும் இப்பாடமும்

இணையவழிப் பாடங்கள் மேற்கத்திய இசையையே கற்பிக்கின்றன. நாமோ தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலந்தொட்டு ராகத்தில் பாடிவரும் ஜனம். இவ்விரண்டையும் இணைக்க ஒரு சிறு அட்டவணை போதும். மேஜர் ஸ்கேலின் சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்களே. நேச்சுரல் மைனர் நடபைரவிக்கும், ஹார்மோனிக் மைனர் கீரவாணிக்கும், மிக்சோலிடியன் ஹரிகாம்போதிக்கும், மேஜர் பென்டடானிக் மோகனத்துக்கும் சுர அளவில் இணையானவை. கமகமும் சஞ்சாரமும் வேறு என்பதை மறவாதிருங்கள்.

இவ்வறிவு கையோடு பயன்படும். மோகனத்தில் ம, நி ஆகிய இரண்டு சுரங்களும் இல்லை. ஆகவே அந்த ராகப் பாடலுக்குப் பழக்கத்தினால் 4ஆம் சுரத்தை வாசித்தால், ராகத்தில் இல்லாத சுரம் அடியிலிருந்து முழங்கும். அங்கே 1, 5, 6 ஆகியவற்றில் நிலைத்திருப்பதே நலம். எந்த ராகம் என்று நிச்சயமில்லாதபோது, ஸட்ஜமத்தை மாத்திரம் தாளத்தோடு பிடித்திருப்பது எப்போதும் பாதுகாப்பானது.

பாடத்தைத் தெரிந்துகொள்ளுதல்

எடின்பரோ பல்கலைக்கழகமும் பாஸ்டனிலுள்ள பெர்க்லீ இசைக் கல்லூரியும் கோர்செரா வழியாகத் தியரிப் பாடங்களை அளித்திருக்கின்றன. பேஸுக்கென்றே ஸ்காட்ஸ் பேஸ் லெசன்ஸ் போன்ற தளங்கள் உண்டு. மியூசிக்தியரி டாட் நெட் தளத்தில் எளிய பாடங்களும் காதுப் பயிற்சிகளும் இருக்கின்றன. கட்டணமும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாறுவதால், சேருமுன் நன்றாய்ப் படித்துப் பாருங்கள். எந்தப் பாடமானாலும் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்: படிப்படியான வரிசை உண்டா, ஒவ்வொரு பாடத்துக்கும் பயிற்சி உண்டா, உங்கள் வாசிப்பைக் கேட்டுத் திருத்துவார் உண்டா? மூன்றாவது இல்லையென்றால், அதைச் செய்ய உள்ளூரில் ஒருவரைத் தேடிக்கொள்ளவேண்டும்.

ஆங்கிலச் சொற்கள் தடையாயிருந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழிலேயே பொருள் எழுதிக்கொள்ளுங்கள். ரூட் என்றால் ஆதார சுரம். இன்டர்வல் என்றால் சுர இடைவெளி. கார்டு என்றால் ஒன்றாய் ஒலிக்கும் சுரக்கூட்டம். இருபது சொற்கள் தெரிந்தால் தொடக்கப் பாடங்களைத் தடையின்றிப் பின்பற்றலாம்.

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் பேஸ் பாடத்தைக் கேளாதிருங்கள். ஈ தந்தியின் அதிர்வு விநாடிக்கு ஏறக்குறைய 41. அச்சிறிய கருவியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர இயலாது. காதுக்கு ஹெட்ஃபோன் வேண்டும். அதுவும் கம்பியுள்ளதாக இருக்கட்டும். கம்பியில்லாக் கருவிகளில் ஒலி சற்றுத் தாமதமாய் வருவதால், கூடவே வாசிக்கும்போது தாளம் பிசகும். ஒற்றை அறை வீட்டில் அயலாரின் உறக்கத்தைக் கெடாமல் பயில்வதற்கும் ஹெட்ஃபோனே உதவி. ஒலியை மிதமாய் வையுங்கள். செவி போனால் இசையும் போயிற்று.

பன்னிரண்டு வாரத் திட்டம்

முதல் மூன்று வாரம்: ஐந்தாம் ஃபிரெட் வரை எல்லாச் சுரங்களின் பெயர்களும்.
அடுத்த மூன்று வாரம்: மேஜர், மைனர் ஸ்கேல்கள், ஆதார சுரம், ஐந்தாம் சுரம், மேல் ஸ்தாயி ஆகிய வடிவங்கள்.
அடுத்த மூன்று வாரம்: சபையில் பாடும் பத்துப் பாடல்களை எண்களில் எழுதுதல், ஒவ்வொன்றையும் மூன்று சுருதிகளில் வாசித்தல்.
கடைசி மூன்று வாரம்: பாட்டைக் கேட்டே எண்களைக் கண்டறிதல், மெட்ரோனோமோடு வாசித்தல்.

நாளொன்றுக்கு முப்பது நிமிடம் போதும். ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இதுவே மேலானது. கடைசிப் பகுதிக்கு வாத்தியம்கூட வேண்டியதில்லை. கல்யாணிலிருந்து வரும் லோக்கல் ரயிலில் நின்றபடியே, காதில் பாட்டைக் கேட்டு, 'இது 4, இப்போது 5' என்று மனதுக்குள் சொல்லிப் பழகலாம்.

பாடம் தராதது

பாடத்தை முடித்துச் சான்றிதழ் பெற்றவரும் ஆராதனையில் தடுமாறுவதுண்டு. ஏனெனில் திரையிலுள்ள ஆசிரியர் சுருதியைத் திடீரென்று உயர்த்துவதில்லை. பல்லவியை நான்காம் முறை பாடுவதுமில்லை. அவற்றைச் சக வாத்தியக்காரரோடுதான் கற்கவேண்டும். கீபோர்டு வாசிப்பவரோடு பேசி, அவருடைய இடக்கை தாழ்ந்த சுரங்களை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். இருவரும் அடியில் மோதினால் ஒலி கலங்கும். டிரம்ஸின் கிக் ஒலியோடும், தபலாவின் இடப்புற முழக்கத்தோடும் உங்கள் சுரம் சேர்ந்து விழட்டும். தலைவரிடம் சுருதி மாற்றத்துக்கு ஒரு கைச்சைகை கேட்டுப் பெறுங்கள்.

முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில், ஆலயப் பாடகரும் வாத்தியக்காரருமாக 288 பேர் எண்ணப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் கற்றுத் தேறினவர்கள் என்றும், ஆசானும் மாணாக்கனும் ஒரே முறையில் சீட்டுப் போட்டார்கள் என்றும் அங்கே வாசிக்கிறோம். கற்பது விசுவாசத்துக்குக் குறைவு என்று எண்ணுகிறவர்கள் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பார்ப்பார்களாக.

மூலையில் சாத்திய வாத்தியம் உங்கள் வீட்டில் இருக்குமானால், இன்று இரவே அதைத் துடைத்து, நான்கு தந்திகளுக்கும் சுருதி கூட்டுங்கள். அடுத்த ஞாயிறு பாடப்போகும் ஒரே ஒரு பாடலை எண்களில் எழுதுங்கள். அதை இரண்டு ஃபிரெட் மேலே ஏற்றி ஒருமுறை வாசியுங்கள். வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொல்லுங்கள்.