தற்சார்புக் குடியிருப்புக்காக ஊரகக் கவுண்டியை மதிப்பிடுதல்

தற்சார்புக் குடியிருப்பு என்பது ஒரு குடும்பம் தனக்கு வேண்டிய உணவு, நீர், எரிபொருள் ஆகியவற்றில் பெரும்பகுதியைத் தன் நிலத்திலிருந்தே பெற்று வாழும் முறையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வாறு குடியேற விரும்புவோர் நிலம் வாங்குமுன் அது அமைந்துள்ள கவுண்டியை ஆராய்கின்றனர். கவுண்டி என்பது மாவட்டம் போன்ற, மாநிலத்தின் உட்பிரிவாகும்.

கொலராடோ மாநிலத்தின் தெற்கு எல்லையில் உள்ள கோஸ்டில்லா கவுண்டி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2020 கணக்கெடுப்பின்படி இங்கு 3,499 பேரே வசித்தனர். ஐந்து ஏக்கர் அளவிலான மனைகள் இங்கு மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. விலை குறைவாக இருப்பதற்கு முதன்மையான காரணம் நீர்.

நீர் உரிமை

கொலராடோவில் நிலத்தை வாங்கினால் நீரும் சொந்தமாகிவிடாது. முதலில் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்பது அம்மாநிலச் சட்டம். இக்கவுண்டியின் தலைமையிடமான சான் லூயிஸ் ஊரில் 1852-இல் வெட்டப்பட்ட மக்கள் வாய்க்காலுக்கே மாநிலத்தின் மிகப் பழைய நீர் உரிமை உள்ளது. புதிதாக வருவோர் வரிசையின் கடைசியில் நிற்கின்றனர்.

35 ஏக்கருக்குக் குறைவான மனைகளில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் பொதுவாக வீட்டினுள் பயன்படுத்த மட்டுமே அனுமதி கிடைக்கும். அந்நீரைத் தோட்டத்துக்கோ கால்நடைக்கோ பயன்படுத்த இயலாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக் கூரையில் விழும் மழைநீரை இரு பீப்பாய்களில் 110 கேலன், அதாவது சுமார் 416 லிட்டர் வரை சேமிக்கலாம். நாளொன்றுக்கு 100 லிட்டர் தேவைப்படும் சிறு காய்கறித் தோட்டத்துக்கு இது நான்கு நாள்களுக்கே போதும்.

தட்பவெப்பம்

பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு ஆண்டு மழையளவு சுமார் 250 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. உறைபனியற்ற பயிர்க்காலம் ஏறக்குறைய மூன்று மாதங்களே. உருளைக்கிழங்கு, பார்லி போன்றவை பாசன வசதியுடன் விளைகின்றன. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 பாகை செல்சியசுக்கும் கீழே செல்வதுண்டு.

பேரிடர்

மக்கள் நெருக்கம் குறைந்த இடம் பாதுகாப்பானது எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் 2018 சூன் 27 அன்று இக்கவுண்டியில் தொடங்கிய ஸ்பிரிங் காட்டுத்தீ அண்டைக் கவுண்டிக்கும் பரவி, சுமார் 1,08,000 ஏக்கரை எரித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. வீடுகள் தொலைவில் சிதறியிருந்தால் தீயணைப்பு வண்டியும் மருத்துவ ஊர்தியும் வந்துசேர நேரமாகும்.

ஆராய வேண்டியவை

* கிணற்று அனுமதி எதற்கெல்லாம் செல்லும். நீர் எத்தனை அடி ஆழத்தில் உள்ளது
* கழிவுநீர்த் தொட்டி, வீடு கட்டுதல் பற்றிய கவுண்டி விதிகள்
* பனிக்காலத்தில் சாலையைத் துப்புரவு செய்பவர் யார். தீ வந்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா
* மருத்துவமனைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் உள்ள தொலைவு
* கூட்டாட்சி அரசின் பேரிடர் மேலாண்மை முகமை உருவாக்கிய தேசிய இடர் குறியீட்டில் அக்கவுண்டியின் நிலை

இவற்றில் முதலாவதற்குச் சாதகமான விடை கிடைக்காவிட்டால், நீரை வண்டியில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பியே வாழ வேண்டும். சாலை அடைபடும் நாளில் அந்த நீரும் நின்றுவிடும். எனவே நிலத்தின் விலையை இறுதியாகவே கணக்கில் கொள்ள வேண்டும்.