பன்றிக்குட்டிக்குக் கழிச்சலா? பவுடர் டப்பாவை ஓரமாக வையுங்கள்

மழை தொடங்கினால் போதும், பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகளைச் சாக்கில் சுற்றித் தூக்கி வருகிறார்கள். கண் குழி விழுந்திருக்கும், காது சில்லிட்டிருக்கும். "நாலு நாளா பவுடர் போட்டுப் பார்த்தோம் டாக்டர்." முன்பெல்லாம் அந்தப் பவுடர் ஆன்டிபயாடிக். இப்போது "ஆன்டிபயாடிக்குக்கு மாற்று" என்று அச்சிட்ட டப்பா. நாலு நாள் மட்டும் மாறவில்லை.

ஏன் இந்த மாற்று?

கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவதால்தான். குட்டி கொழுக்கட்டும் என்று தீவனத்தில் தினமும் ஆன்டிபயாடிக் தூவுவதை ஸ்வீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இலும் நிறுத்தின. மனிதருக்குக் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்கு விற்க இந்தியா 2019இல் தடை விதித்தது.

மாற்று என்றால் மருந்தல்ல

புரோபயாடிக், ஈஸ்ட், ஆர்கானிக் ஆசிட் எல்லாம் கழிச்சல் வராமல் இருக்க, பால் மறக்கடிக்கும் முன்பே குட்டித் தீவனத்தில் பழக்க வேண்டியவை. வந்த கழிச்சலை அவை நிறுத்தாது. அவற்றையும் எப்படிக் கொடுக்கிறார்கள்! கொதிக்கக் கொதிக்க இறக்கிய ஹோட்டல் கழிவில் கலந்தால் புரோபயாடிக்கில் உள்ள லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமி அங்கேயே செத்துப்போகும். ஆர்கானிக் ஆசிட்தானே என்று, ரப்பர் பாலை உறையவைக்க வாங்கிய ஃபார்மிக் ஆசிட்டைக் கண்ணளவில் தண்ணீரில் ஊற்றுகிறவர்களும் உண்டு. அது வாயையும் குடலையும் வேகவைத்துவிடும்.

துத்தநாக ஆக்சைடு கழிச்சலைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் சாணத்தோடு போய் மண்ணில் தங்கும். கிருமிகளின் மருந்து எதிர்ப்பையும் வளர்க்கும். அதனால்தான் மருந்தளவில் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறுத்தியது. இங்கே அள்ளிப் போடுகிறோம்.

எல்லாவற்றிலும் மோசம், "கழியுது, தண்ணி காட்டாதே" என்பது. குட்டி சாவதே நீர் வற்றித்தான். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். காய்ச்சலோ ரத்தக் கழிச்சலோ இருந்தால் ஆன்டிபயாடிக்கும் தேவைப்படலாம். எது, எத்தனை நாள் என்பதை எங்களிடம் விடுங்கள்.

பரிசோதனை

ஆசனவாயில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் சோதித்தால் எந்த மருந்து கேட்கும் என்று தெரியும்.

தயவுசெய்து

டென்மார்க்கில் குட்டித் தீவனத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்தியதும் கழிச்சல் முதலில் கூடத்தான் செய்தது. வளர்ப்பு முறையைத் திருத்தித்தான் சமாளித்தார்கள். நீங்களும் பிறந்த அன்றே எல்லாக் குட்டிக்கும் சீம்பால் கிடைக்கச் செய்யுங்கள். மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி போடுங்கள். தாய்ப்பாலில் அது போதாது. அடுத்த சினைக்கு அவசரப்பட்டு நான்கு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்காதீர்கள். தரை ஈரமில்லாமல் இருக்கட்டும், ராத்திரி கதகதப்புக்கு ஒரு பல்பு எரியட்டும். இத்தனைக்கும் மேல் கழிந்தால், கெஞ்சிக் கேட்கிறேன், முதல் நாளே கூப்பிடுங்கள்.