காற்றாடி ஓய்ந்தால் என்ன விலை?

கடம்பூர், கயத்தாறு வட்டாரக் கரிசல் காட்டில் காற்றாடிகள் இரண்டு தலைமுறையாக நிற்கின்றன. முப்பது மீட்டர் சொச்சம் உயரத்தில் படபடவென்று சுற்றுபவை 1990-களின் 225, 250 கிலோவாட் இயந்திரங்கள். அவற்றுக்கு மேலே நிதானமாகச் சுழல்பவை 2, 3 மெகாவாட் புதியவை. பழையதைக் கழற்றினால் என்ன தேறும் என்பதுதான் இப்போது உடைமையாளர்களின் கணக்கு.

ஏட்டில் இதற்கு விடை சுலபம். 2013 கம்பெனிச் சட்டம் காற்றாலைக்கு 22 ஆண்டு ஆயுள் தருகிறது. மிச்ச மதிப்பு பொதுவாக ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் நிர்ணயிக்கும்போது 25 ஆண்டு, பத்து சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு கோடி ரூபாய் இயந்திரம் ஒருவருக்கு ஐந்து லட்சம், இன்னொருவருக்குப் பத்து லட்சம். வருமான வரிக்காரர்களோ 90-களில் முதல் ஆண்டிலேயே முழுத் தேய்மானமும் கழிக்க விட்டார்கள். வரிக்காகவே காற்றாடி வாங்கியவர்கள் அன்று ஏராளம். கடைசி விலையைப் பற்றி அவர்கள் ஏன் கவலைப்படப் போகிறார்கள்?

காட்டில் இறங்கினால் கணக்கு மாறுகிறது. கோபுரம் இரும்பு, எடைக்குப் போகும். ஜெனரேட்டரில் செம்பு இருக்கிறது. கியர்பாக்ஸ் ஓடும் நிலையில் இருந்தால், அதே ரகக் காற்றாடி வைத்திருப்பவர் உதிரிக்காக இரும்பு விலையைவிட நல்ல விலை தருவார். இறக்கைதான் தொல்லை. கண்ணாடி இழையும் பிசினும் கலந்த அதை உருக்க முடியாது. அறுத்து, சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்பலாம். அதற்கும் கைக்காசு போட வேண்டும்.

கிரேன் வாடகை தனி. கழற்றுவதற்குப் பருவம் பார்க்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய்க் காற்று. வருமானம் வரும் மாதங்களில் யாரும் நிறுத்த மாட்டார்கள், அந்தக் காற்றில் இறக்கையைக் கழற்றி இறக்குவதும் ஆபத்து. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் கரிசல் மண் கிரேன் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். தை பிறந்து கோடைக்குள் முடித்தாக வேண்டும். அவசரத்துக்கு விற்பவருக்கு அடிமாட்டு விலைதான்.

ஆனால் இரும்பைவிட விலை போகும் ஒன்று அங்கே இருக்கிறது: இடம். 1986-ல் முள்ளக்காட்டில் அரசின் முன்னோடிக் காற்றாலைகள் ஓடத் தொடங்கியதைப் பார்த்து முதலில் வந்தவர்கள், நல்ல காற்றுள்ள நிலங்களைப் பிடித்துக்கொண்டார்கள். மின்கம்பி இணைப்பும் அங்கேயே இருக்கிறது. 2024-ல் தமிழக அரசு கொண்டுவந்த கொள்கை, பழையதைப் புதிதாக மாற்றவும் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் வழி சொல்கிறது. என் கணக்கில் பழைய காற்றாடியின் உண்மையான மிச்சம் அந்த இடம்தான். எந்தச் சதவீதத்திலும் அது அடங்காது. சிக்கல், பெரிய இயந்திரம் ஒன்றுக்கு அகலமான இடைவெளி வேண்டும். பக்கத்துச் சிறு காற்றாடிக்காரர்கள் நாலைந்து பேர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அந்த மதிப்பு கைக்கு வராது.

எல்லாம் கழற்றிய பிறகும் காங்கிரீட் அடித்தளம் மண்ணுக்குள் கிடக்கும். அதன் மேல் உளுந்தும் விளையாது, பருத்தியும் விளையாது. காற்றாலைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுகிற விவசாயிகள், அடித்தளத்தை யார் செலவில் தோண்டி எடுப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.